சர்க்கரை நோய் இருக்கிறதா? அதிகச் செலவில்லாமல் ஆயுள் காப்பீடு எடுக்கும் வழி

"சுகர் இருக்கா? அப்போ இன்சூரன்ஸ் கிடைக்காது." இப்படி யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதைக் கேட்டுவிட்டு விண்ணப்பமே போடாமல் இருப்பவர்கள் நிறைய. 1921-இல் இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முந்தைய காலமாக இருந்தால் இந்தப் பேச்சில் நியாயம் இருந்திருக்கும். இன்று பெரும்பாலானவர்களுக்குக் காப்பீடு கிடைக்கும், விலைதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வயது, ஒரே தொகை, இருவருக்கும் சர்க்கரை. ஒருவருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், இன்னொருவருக்கு இரண்டு மடங்கு. மூன்றாவது ஆளை "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

இந்த வித்தியாசத்தில் பாதி உடம்பிலிருந்து வருகிறது. மீதிப் பாதி காகிதத்திலிருந்து வருகிறது. காப்பீட்டு நிறுவனம் உங்களை நேரில் பார்த்து முடிவு செய்வதில்லை. உங்கள் ஃபைலைப் பார்த்து முடிவு செய்கிறது. புதிதாக எடுக்கப்போகிறவர் இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போனால் போதும்.

1. முதலில் பழைய பாலிசியைத் தேடுங்கள்

சர்க்கரை தெரியவருவதற்கு முன்பு நீங்கள் எடுத்த பாலிசி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதைத் தொடாதீர்கள். பிரீமியம் நிலையாக வைக்கப்பட்ட ஆயுள் பாலிசியில், பிறகு வந்த நோய்க்காக விலையை ஏற்ற மாட்டார்கள், பாலிசியை ரத்து செய்யவும் மாட்டார்கள். அன்றைய ஆரோக்கியத்துக்குக் கிடைத்த விலை இன்றும் உங்களுடையதுதான்.

ஆபத்து, தவணை தவறுவதில் இருக்கிறது. சலுகை நாட்களும் தாண்டிப் பாலிசி காலாவதியானால், மறுபடி உயிர்ப்பிக்கும்போது புதிதாக உடல்நல உறுதிமொழி கேட்பார்கள். அப்போது சர்க்கரையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், விலையும் அதற்கேற்ப மாறும். வங்கியிலிருந்து தானாகப் பணம் போகும்படி இன்றே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

2. எவ்வளவு தொகை, எத்தனை வருடம்

நீங்கள் இல்லாவிட்டால் வீட்டில் என்ன நின்றுபோகும் என்று கணக்குப் போடுங்கள். அடைக்க வேண்டிய கடன், பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கும்வரை ஆகும் செலவு, துணைவருக்குத் தேவைப்படும் சில வருடச் செலவு. இவற்றைக் கூட்டி, கையிலுள்ள சேமிப்பைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்களுக்கு வேண்டிய தொகை. கடைசிக் கடன் எப்போது முடியும், கடைசிப் பிள்ளை எப்போது சம்பாதிக்கத் தொடங்கும் என்பதை வைத்துக் காலத்தை முடிவு செய்யலாம்.

சர்க்கரை உள்ளவருக்கு என் பரிந்துரை டேர்ம் பாலிசிதான். குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் பணம் வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசிகளை விற்பவர்கள் "பணம் திரும்பி வரும்" என்பார்கள். அதில் ஏற்கெனவே பிரீமியம் அதிகம். நோய்க்காக ஏற்றும் கூடுதல் தொகையும் சேர்ந்தால் சேமிப்பு என்று சொல்ல அதிகம் மிஞ்சாது. சேமிப்பை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

3. அவர்கள் எதைப் பார்த்து விலை போடுகிறார்கள்

விண்ணப்பத்தை எடைபோடுபவருக்கு அண்டர்ரைட்டர் என்று பெயர். அவர் மேஜையில் உங்கள் ஃபைல் விரியும்போது முதலில் தேடுவது மூன்று விஷயம்: டைப் 1-ஆ (உடம்பு இன்சுலினை ஏறக்குறைய சுரக்காத வகை) டைப் 2-ஆ (சுரந்தாலும் அது சரியாக வேலை செய்யாத வகை), எந்த வயதில் தெரியவந்தது, இப்போது எப்படிக் கட்டுக்குள் இருக்கிறது.

தெரியவந்த வயதின் முக்கியத்துவம் பலருக்குப் புரிவதில்லை. 50 வயதில் இருவர் விண்ணப்பிக்கிறார்கள். ஒருவருக்கு 47-இல் வந்தது, இன்னொருவருக்கு 27-இல் வந்தது. இருவரின் இன்றைய ரிப்போர்ட்டும் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாமவருக்குத்தான் விலை கூடும். ரத்தக்குழாய்கள் எத்தனை வருடம் கூடுதல் சர்க்கரையோடு இருந்தன என்பதைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். இதை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது மூன்றாவது விஷயம்.

அதன் அளவுகோல் எச்பிஏ1சி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதன் ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 6.5% அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை முன்நிலை. 7% என்பது ரத்தச் சர்க்கரை சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 154 மில்லிகிராம் இருப்பதற்குச் சமம், 8% என்றால் 183, 9% என்றால் 212. சில நாடுகளில் இதே பரிசோதனையை வேறு அலகில் தருவார்கள், அங்கே 7% என்பது 53 என்று இருக்கும். மாற்றிப் படித்துப் பயந்துவிட வேண்டாம்.

7-ஐ ஒட்டி இருப்பவரை வரவேற்கும் நிறுவனங்கள் அதிகம். 8-ஐத் தாண்டினால் கூடுதல் விலை நிச்சயம். 9, 10 என்று போனால் பலர் ஒத்திவைப்பார்கள். எல்லைக்கோடு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், நமக்குச் சாதகமான விஷயமும் அதுதான். இன்னொன்று, ஒரே ஒரு நல்ல எண்ணைவிட வரிசையாக வரும் சுமாரான எண்கள் மேல். 7.3, 7.2, 7.4 என்று இரண்டு வருடம் நிற்பவரைப் பார்த்து அவர்கள் நிம்மதி அடைவார்கள். 9.1-இலிருந்து திடீரென்று 6.4-க்கு இறங்கியவரைப் பார்த்தால் "இது எத்தனை நாளைக்கு?" என்று யோசிப்பார்கள்.

அடுத்து, பாதிப்புகள். கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாத நரம்பு, இதயம். இதில் சிறுநீரகத்துக்கான பரிசோதனையைப் பலர் செய்வதே இல்லை. கிரியேட்டினின் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று நிம்மதியாக இருப்பார்கள். சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்று ஒன்று உண்டு. அது 30-க்குக் கீழே (ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்ற கணக்கில்) இருக்க வேண்டும். சிறுநீரகம் கெடத் தொடங்குவதைச் சீக்கிரமே காட்டிக்கொடுப்பது இதுதான், அண்டர்ரைட்டர் தேடுவதும் இதைத்தான். ஃபைலில் அது இல்லையென்றால் நல்லதாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்ள மாட்டார். சந்தேகத்தின் விலையை உங்கள் தலையில் வைப்பார்.

பிபி, கொலஸ்ட்ரால், எடை, புகையிலை ஆகியவையும் சேர்ந்து எண்ணப்படும். சர்க்கரையோடு சிகரெட்டும் இருந்தால் விலை எகிறிவிடும். சில இடங்களில் கதவே மூடிவிடும்.

டைப் 1 உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களை ஏற்கும் நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவு, விலையும் கூடுதல். தாழ்சர்க்கரையால் மயங்கி விழுந்தது, கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை) வந்து மருத்துவமனையில் சேர்ந்தது, இரண்டையும் கட்டாயம் கேட்பார்கள். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் வைத்திருந்தால் அதன் அறிக்கையைச் சேர்த்து அனுப்புங்கள். 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் 70% நேரத்துக்கு மேல் இருப்பது பொதுவாக நல்ல கட்டுப்பாடு எனப்படுகிறது. எச்பிஏ1சி சராசரியை மட்டும் சொல்லும், ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. அந்தக் குறையை இந்த அறிக்கை தீர்த்துவிடும்.

4. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

கடைசி இரண்டு வருட எச்பிஏ1சி ரிப்போர்ட்டுகள், ஒரு வருடத்துக்குள் எடுத்த கண் பரிசோதனை, சிறுநீர் ஆல்புமின், கொலஸ்ட்ரால், ஈசிஜி இருந்தால் அதுவும். மருந்துப் பட்டியலில் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து என்று தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் மருத்துவர் உங்களைப் பற்றி என்ன குறிப்பு எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நிறுவனம் அதை வரவழைத்துப் படிக்கக்கூடும். "மாத்திரையை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று என்றைக்கோ எழுதிய ஒரு வரி, நல்ல எண்கள் பத்தையும் கீழே தள்ளிவிடும். நிலைமை மாறியிருந்தால் அடுத்த முறை போகும்போது அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பார்த்து நோயை ஊகிப்பதும் உண்டு. மெட்ஃபார்மினைச் சினைப்பை நீர்க்கட்டிக்கும் தருகிறார்கள். சர்க்கரைக்கென்று வந்த சில மருந்துகளை இதயச் செயலிழப்புக்கும் எடைக்கும் தருகிறார்கள். உங்களுக்குச் சர்க்கரை இல்லாமலே இந்த மாத்திரை எழுதியிருந்தால், காரணத்தை ஒரு கடிதத்தில் மருத்துவரிடம் வாங்கி வையுங்கள். அதேபோல் இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி-யை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் எண் மாறிவிடலாம். இதுவும் கடிதத்தில் வர வேண்டிய விஷயம்.

5. எப்போது விண்ணப்பிப்பது

நேற்றுத்தான் தெரியவந்தது, மருந்து இன்னும் சரியாக அமையவில்லை என்றால் ஆறு மாதம் பொறுப்பது நல்லது. சர்க்கரை இறங்கி, இரண்டு ரிப்போர்ட்டாவது கையில் இருக்கட்டும். கர்ப்பகாலச் சர்க்கரை என்றால் பல நிறுவனங்கள் பிரசவம் முடிந்து எண்கள் பழைய நிலைக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்லும். மாறாக, முன்நிலையில் இருப்பவர் காத்திருக்கக் கூடாது. இன்று கிடைக்கும் விலை நோய் என்று பெயர் வந்த பிறகு கிடைக்காது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும், சில நிறுவனங்கள் அருகிலுள்ள பிறந்தநாளைக் கணக்கில் எடுப்பதால் ஆறு மாதம் முன்னதாகவே உங்களை ஒரு வயது கூட்டிவிடும். எண்கள் சுமாராக இருந்தாலும் வீடு உங்களை நம்பி இருந்தால், கிடைக்கிற விலைக்கு ஒன்றை எடுத்துவிட்டு, நிலைமை தேறிய பிறகு மறுபடி பேசலாம். பாலிசியே இல்லாமல் "இன்னும் கொஞ்சம் குறையட்டும்" என்று மூன்று வருடம் ஓட்டுவது மோசமான கணக்கு.

6. பெயர் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள்

பணம் மிச்சமாவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். விண்ணப்பப் படிவங்களில் ஒரு கேள்வி இருக்கும்: "வேறு எந்த நிறுவனமாவது உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்ததா, ஒத்திவைத்ததா, கூடுதல் பிரீமியம் கேட்டதா?" அவசரப்பட்டு நான்கு இடத்தில் முறையான விண்ணப்பம் போட்டு, இரண்டு இடத்தில் நிராகரித்துவிட்டால், அடுத்த ஒவ்வொரு படிவத்திலும் அதை எழுத வேண்டும். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே, பெயரும் கையெழுத்தும் இல்லாமல், "இப்படிப்பட்டவருக்கு என்ன விலை வரும்?" என்று கேட்க வேண்டும்.

இதற்குப் பல நிறுவனங்களோடு வேலை செய்யும் தரகர் தேவை. ஒரே நிறுவனத்தின் ஏஜென்டிடம் கேட்டால், அவர் கையில் இருப்பது ஒரே விலைப்பட்டியல். தரகரிடம் முதலிலேயே கேளுங்கள்: சர்க்கரை உள்ளவர்களுக்கு இதற்கு முன் பாலிசி எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா? என் விவரத்தை எத்தனை நிறுவனங்களிடம் காட்டுவீர்கள்? என் அனுமதி இல்லாமல் எங்கும் விண்ணப்பமாகப் பதிவு செய்துவிட மாட்டீர்களே? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அவரை விட்டுவிடலாம்.

நீங்கள் அனுப்பும் விவரம் ஒரு பத்தியில் அடங்கிவிடும். உதாரணத்துக்கு: "ஆண், வயது 43. டைப் 2, 38 வயதில் தெரியவந்தது. மெட்ஃபார்மின் 500, இரு வேளை. கடைசி மூன்று எச்பிஏ1சி: 6.9, 7.1, 6.8. விழித்திரையில் பாதிப்பு இல்லை, ஆல்புமின் விகிதம் 12. மாத்திரை இல்லாமல் பிபி 128/80. உயரம் 170 செ.மீ., எடை 74 கிலோ. புகையிலை எதுவும் இல்லை. தந்தைக்கு 66 வயதில் மாரடைப்பு. 20 வருட டேர்ம் வேண்டும்." இதைப் படிப்பவருக்கு ஊகிக்க ஒன்றும் மிச்சமில்லை. "சுகர் இருக்கு, ஆனா கன்ட்ரோல்ல இருக்கு" என்று மட்டும் கேட்டால் வருகிற விலையும் அதே மாதிரி மேலோட்டமாகத்தான் இருக்கும், பிறகு ஏறிவிடும்.

7. படிவத்தில் ஒளிக்காதீர்கள்

படிவம் நிரப்பும்போது சில ஏஜென்டுகள் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் எழுத வேண்டாம் சார், அப்புறம் லேட்டாகும்" என்பார்கள். அவருக்குக் கமிஷன் இந்த மாதம் வரும். பிரச்சினை வருவது உங்கள் வீட்டாருக்கு, நீங்கள் இல்லாத நாளில். பாலிசி தொடங்கி முதல் சில வருடங்களுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைத் தோண்டிப் பார்க்கும். இந்தக் காலம் பல நாடுகளில் இரண்டு அல்லது மூன்று வருடம். மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுக்கலாம். இறந்தது சர்க்கரையால்தான் என்று இருக்க வேண்டியதில்லை; சாலை விபத்தில் போனவர் விஷயத்திலும் "உண்மை தெரிந்திருந்தால் இந்த விலைக்குக் கொடுத்திருக்க மாட்டோம்" என்று வாதிட இடமுண்டு.

படிவத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது நிரப்பியதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலை வாங்கிப் பாலிசியோடு வையுங்கள். ஒரு தேதி நினைவில் இல்லையென்றால் "சரியான தேதி நினைவில்லை, சுமார் 2019" என்று எழுதலாம், அதில் தவறில்லை.

8. ரத்தம் எடுக்கும் நாள்

நிறுவனம் கேட்கும் மருத்துவப் பரிசோதனைக்குக் காலை நேரமாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், அன்றைய இன்சுலினையோ மாத்திரையையோ எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு தாழ்சர்க்கரையில் விழுவது தேவையில்லாத வேலை. முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், அது சிறுநீரில் புரதத்தைத் தற்காலிகமாகக் கூட்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் இருந்தால் தேதியைத் தள்ளி வையுங்கள். மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சர்க்கரை ஏறியிருக்கும், அதையும் சொல்லிவிடுங்கள். மூன்று நாள் பட்டினி கிடந்து எச்பிஏ1சி-யை ஏமாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு, அது முடியாது.

9. விலை வந்த பிறகு

சாதாரண விலையோடு ஒரு சதவீதத்தைக் கூட்டித் தருவதற்கு லோடிங் என்று பெயர். பெரும்பாலும் 25, 50, 75, 100 என்று படிகளாக ஏறும். எல்லோரும் சிக்கிக்கொள்வது இந்த எண்ணில்தான். ஒரு நிறுவனம் 75% லோடிங் என்கிறது, இன்னொன்று 25% என்கிறது. இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். முதல் நிறுவனத்தின் சாதாரண விலை 100 என்றால் நீங்கள் கட்டுவது 175. இரண்டாவதன் சாதாரண விலை 150 என்றால் கட்டுவது 187.50. லோடிங்கை மறந்துவிட்டு, கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். முழுக் காலத்துக்கும் சேர்த்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் சில பாலிசிகளில் பிரீமியம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏறும்.

கட்ட முடியாத அளவுக்கு வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தொகையைக் குறைத்தாலோ, 25 வருடத்தை 20 ஆக்கினாலோ என்ன வரும் என்று கேளுங்கள். கூடுதலாக ஒட்டப்படும் ரைடர்களைக் கவனியுங்கள். தீவிர நோய் ரைடரில் சர்க்கரையால் வரும் பாதிப்புகளை விலக்கி எழுதியிருந்தால், அதற்குப் பணம் கட்டுவதில் உங்களுக்குப் பெரிதாக லாபமில்லை.

பாலிசி கையில் வந்ததும் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் இருக்கும். அந்த நாட்களில் விலக்குகள் உள்ள பக்கத்தையும், உடல்நலம் பற்றி நீங்கள் சொன்னது சரியாக அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

10. "முடியாது" என்று சொன்னால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சில சமயம் அது பழைய ரிப்போர்ட்டாக இருக்கும், சில சமயம் வேறொருவரின் ரிப்போர்ட்டாகக்கூட இருக்கும். தப்பைத் திருத்த முடிந்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

அதுவரை, வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். குறிப்பிட்ட தொகை வரை மருத்துவப் பரிசோதனை இல்லாமலே சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். சேரும் காலக்கெடு மட்டும் தவறக் கூடாது. வேலையை விட்டால் அதுவும் போய்விடும். தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

"யாருக்கும் நிச்சயம், கேள்வியே கிடையாது" என்று விளம்பரம் செய்யும் பாலிசிகளைக் கடைசியாக வையுங்கள். தொகை சிறியது, விலை அதிகம். முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் நோயால் இறந்தால் பெரும்பாலும் கட்டிய பிரீமியத்தோடு சிறு வட்டிதான் திரும்பி வரும். வேறு வழியே இல்லாதவருக்கு இறுதிச் செலவுக்கு உதவும், அவ்வளவுதான்.

எடுத்த பிறகு

ரிப்போர்ட்டுகளைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டாம். எண்கள் ஒன்றிரண்டு வருடம் நன்றாக நின்றால், எடை இறங்கினால், புகையிலையை விட்டு ஒரு வருடம் ஆனால், லோடிங்கைக் குறைக்க முடியுமா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். சில நிறுவனங்கள் குறைக்கும். மறுத்தால், அதே ஃபைலோடு வேறு இடங்களில் மறுபடி பெயர் சொல்லாமல் விலை கேட்கலாம். அங்கே மலிவாகக் கிடைத்து மாறுவதாக இருந்தால், புதிய பாலிசி கைக்கு வந்து, அதைப் படித்துப் பார்த்து, முதல் பிரீமியம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். மறைப்பு பற்றி நிறுவனம் தோண்டிப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று வருடம் புதிய பாலிசிக்கு முதலிலிருந்து தொடங்கும். மிச்சமாகும் தொகை மிகச் சிறியது என்றால் பழையதையே வைத்துக்கொள்ளலாம்.